ஏழாவது குழியின் நீர்க்கணக்கு

விடியற்காலை நாலரைக்கு
க்ரீனின் தோலில் ஈரமானியைக் குத்துகிறேன்.
பதினேழு. பதினாறு. ஒன்பது.
ஒன்பதுக்கு மட்டும் கைக்குழாய்,
காய்ச்சல்காரன் வாயில்
கரண்டியால் விடுகிற அளவு.
மற்றவை பொறுக்கட்டும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று
கிளப் உறுப்பினர்கள் கேட்பதில்லை.
நானே சொல்லிவிடுகிறேன்:
முந்தாநாள் தாவீராவில் குளித்தவர்கள்,
மத்தி மீன் சட்டி கழுவியவர்கள்,
கடற்கரை விடுதியில்
ஒரே மாலையில் இருமுறை தொட்டி நிரப்பிய
தேனிலவுத் தம்பதி,
எல்லோரும் குழாய்வழியே இறங்கி
மூன்று வடிகட்டிகளில் தலைகுனிந்து
என் வால்வுக்கு வந்து சேர்கிறார்கள்,
கொஞ்சம் உப்போடு.
எழுதாமல் விட்ட கடன் மாதிரி
அந்த உப்பு
புல்லின் நுனியில் வந்து நிற்கும்.

மார்ச்சில் கூட்டம் போட்டோம்.
வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டு
இந்த இருபத்தாறு ஹெக்டேருக்கு
இனி சொட்டு நீர் கிடையாது என்றேன்.
எஞ்சினியர் பல்தஸார் எழுந்தார்.
"லியோனில்டா, மைதானம் செத்துப்போகும்."

சாகாது ஐயா, உறங்கும்.
செத்திருக்க வேண்டியது ரைகிராஸ்.
அதை உரித்தெடுத்து
நாங்கள் நட்டிருப்பது அருகு.
அருகுபோல் வேரோடுக என்று
மணமக்களை வாழ்த்துகிற மொழியும்
உலகில் உண்டாம்.
எங்கள் ஊர் விவசாயிக்கு அது
வாயில் வரக்கூடாத களை.

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
பழுப்பு ஜெயித்தது.
எதிர்த்து வாக்களிக்க வேண்டிய நால்வர்
அந்நேரம் பாரில் இருந்ததை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம்
கிந்தினுவின் ஆரஞ்சுத் தோப்பு.
அணைநீரில் அவர் பங்கைப் பாதியாக வெட்டிவிட்டார்கள்.
கடைசி நான்கு வரிசையைக்
காயவிடுவதென்று முடிவெடுத்து
அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பில் குறியிட்டிருக்கிறார்.
என் தெளிப்பான் சுழல்வதைப் பார்த்தபடி நிற்பார்.
அது கழிவுநீர்தான் என்பது அவருக்குத் தெரியும்.
அவர் மரத்துக்கு அதை விட அனுமதி இல்லை
என்பது எனக்குத் தெரியும்.
என்றாலும் தாகத்தின் கண்ணுக்குத்
தெளிப்பான் தெளிப்பான்தான்.
பாசனத்தை நடு இரவுக்கு மாற்றினேன்.
வெயிலில் ஆவியாகாமல் இருக்க
என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.
அது பாதிக் காரணம்.

ஜூனில் ஃபேர்வே ரொட்டியின் நிறத்துக்கு வந்தது.
தரை இறுகிற்று.
பல்தஸார் அடித்த பந்து
விழுந்த இடத்தில் நிற்காமல்
ஓடியது, ஓடியது,
நாற்பது மீட்டர் அதிகம் ஓடியது.
அவர் தரையைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார்,
என்னை மட்டும் பார்க்கவில்லை.
அன்று மாலை பாரில்
தன் தோள்சுழற்சி திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.
இருக்கட்டும்.

ஏழாவதின் ஓரம், நாங்கள் வெட்டாமல் விட்ட மேட்டில்,
கண்கிலேடி ஒன்று முட்டையிட்டது.
கூடென்று எதுவுமில்லை.
சரளைக்கல்லின் நடுவே
சரளைக்கல் மாதிரி இரண்டு முட்டை,
அவ்வளவுதான்.
சுற்றிலும் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டினோம்.
உள்ளே விழும் பந்துக்கு அபராதம் இல்லை,
எடுக்கவும் கூடாது.

நேற்று பல்தஸாரின் பந்து உள்ளே போனது.
மஞ்சள் கண்ணை அகலத் திறந்து
பறவை முதலில் ஓடியது, பிறகு திரும்பி வந்தது,
அலகால் பந்தை இழுத்து
வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது.
கயிற்றுக்கு வெளியே
ஐந்து நிமிடம் நின்றார் அவர்.
பின்னால் ஆட்டக்காரர்கள் கத்தினார்கள்.
பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்தார்.

பதிவேட்டில் எழுதுகிறேன்:
ஏழு. நீர் பூஜ்யம். உரம் பூஜ்யம்.
முட்டை இரண்டு, பந்து ஒன்று.
க்ரீனில் உப்பு ஏறுமுகம்.

அக்டோபரில் நல்ல மழை ஒன்று வந்தால்
உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும்.
வராவிட்டால்
வரைபடம் மேசையில்தான் இருக்கிறது,
பென்சிலும் இன்னும் நீளமாகவே.